பயணத்துக்கான கேமரா பை: தராசில் தொடங்கித் தேர்ந்தெடுக்கும் முழுமையான வழிகாட்டி

கேமரா பை வாங்க நினைக்கிறவர்கள் பெரும்பாலும் லிட்டர் கணக்கிலிருந்துதான் தொடங்குகிறார்கள். இருபது லிட்டர் போதுமா, முப்பது வேண்டுமா என்ற கேள்விக்கு ஒரு விடை கிடைத்ததும் நிறத்தையும் விலையையும் பார்த்து முடிவெடுத்துவிடுகிறார்கள். நானும் முதல் இரண்டு பைகளை அப்படித்தான் வாங்கினேன். இரண்டும் நல்ல தையல், நல்ல துணி. ஆனால் ஒன்று விமான நிலையத்தில் எடை மீறி நின்றது. மற்றொன்று வால்பாறையின் ஜூன் மாத மழையில் முதுகுப் பக்கமாக நீரை உள்ளே விட்டது. நான் போகும் பாதையை எண்ணிப் பார்க்காமல் பையைத் தேர்ந்தெடுத்ததே காரணம்.

ஒரு பயணத்தில் பை கடந்தாக வேண்டிய மிகக் குறுகலான வாயில் எதுவோ, அதைக் கொண்டே பையைத் தீர்மானிக்க வேண்டும் என்பது இத்தனை ஆண்டுகளில் எனக்கு உறுதியாகியிருக்கிறது. சிலருக்கு அந்த வாயில் விமான நிறுவனத்தின் எடை வரம்பு. மலையேறுகிறவருக்கு அவருடைய முதுகு. கோடியக்கரையில் பறவைகளைத் தேடுகிறவருக்கு லென்ஸின் நீளமும் உப்புக்காற்றும். சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் நிற்கிறவருக்கு, லென்ஸை மாற்றக் கிடைக்கும் சில நொடிகள். உங்கள் வாயில் எது என்று தெரிந்துகொள்ளும் வரை எந்தப் பையையும் வாங்காமல் இருப்பது நல்லது.

முதல் படி: எல்லாவற்றையும் எடை போடுங்கள்

சமையலறைத் தராசு ஒன்று போதும். பயணத்துக்குக் கொண்டுபோக நினைக்கும் ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாக நிறுத்து, எடையை ஒரு தாளில் எழுதுங்கள். பேட்டரி, மெமரி கார்டு உறை, லென்ஸ் துடைக்கும் துணி, ஃபில்டர், சார்ஜர், கேபிள், பவர் பேங்க் என எதையும் விட்டுவிடாதீர்கள். சிறியவை என்று நாம் கணக்கில் சேர்க்காதவை ஒன்றுசேர்ந்தால் ஒரு லென்ஸின் எடைக்கு வந்துவிடும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். சோனி ஆல்ஃபா 7 வரிசையின் நான்காம் பதிப்புக் கேமரா, பேட்டரியும் கார்டும் சேர்த்து 658 கிராம். அதே நிறுவனத்தின் 24-70 மி.மீ. எஃப்/2.8 லென்ஸின் இரண்டாம் பதிப்பு 695 கிராம், 70-200 மி.மீ. எஃப்/2.8 இரண்டாம் பதிப்பு, முக்காலியில் பொருத்த உதவும் வளையம் இல்லாமல், 1045 கிராம், 20 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் 373 கிராம். இந்த நான்கும் சேர்ந்து 2771 கிராம். உபரி பேட்டரி இரண்டு, சார்ஜர், ஃபில்டர், பவர் பேங்க், கேபிள்கள் ஆகியவற்றுக்கு முக்கால் கிலோ ஒதுக்கினால் மூன்றரைக் கிலோவாகிறது. ஒன்றேகால் கிலோ எடையுள்ள மெலிந்த மடிக்கணினியும் அதன் சார்ஜரும் சேர்ந்தால் 5 கிலோ. இனி பை இருக்கிறது: இடுப்புப்பட்டையும் நுரைத் தடுப்புகளும் கொண்ட நடுத்தரக் கேமரா முதுகுப்பைகள் வெறுமையாக இருக்கும்போதே ஒன்றரை முதல் இரண்டரைக் கிலோ வரை எடை கொண்டவை. ஆக, ஒரு மாற்றுச் சட்டைகூட வைக்காத நிலையிலேயே, விமானத்தில் கைப்பைக்கு விதிக்கும் 7 கிலோ என்னும் எல்லையைத் தொட்டுவிடுகிறோம். இவ்வளவுக்கும் இது தொழில்முறையாளர் ஒருவரின் பெரும் சேகரிப்பு அன்று; ஆர்வமுள்ள பயணி எவரும் கொண்டுபோகக்கூடிய கருவிகள்தான்.

எடைப் பட்டியல் கையில் இருக்கும்போதே இன்னொன்றையும் செய்துவிடுங்கள். கடைசியாகப் போன இரண்டு மூன்று பயணங்களின் படங்களைக் கணினியில் திறந்து, ஒவ்வொரு படத்துடனும் பதிவாகியிருக்கும் லென்ஸ் விவரத்தைப் பாருங்கள். பெரும்பாலான படத்தொகுப்பு மென்பொருள்கள் லென்ஸ் வாரியாகப் படங்களைப் பிரித்துக் காட்டும். நான் இதை முதன்முறை செய்தபோது, எல்லாப் பயணத்துக்கும் தவறாமல் சுமந்து சென்ற ஒரு லென்ஸில் பத்துப் படங்கள்கூட எடுத்திருக்கவில்லை என்று தெரிந்தது. அதை வீட்டில் வைத்ததும் எனக்குத் தேவைப்பட்ட பையின் அளவே மாறிவிட்டது. எந்தக் கடைக்காரரும் சொல்ல முடியாத விடை இது; உங்கள் படங்களில் மட்டுமே இருக்கிறது.

இரண்டாம் படி: விமானத்தின் வரம்பைப் பையின் மீது எழுதிப் பாருங்கள்

இந்தியாவின் உள்நாட்டு விமானங்களில் சாதாரண வகுப்புப் பயணி கையோடு கொண்டுசெல்லும் பைக்கு 7 கிலோ என்பதே பரவலான வரம்பு. அளவைப் பொறுத்தவரை 55 செ.மீ. உயரம், 35 செ.மீ. அகலம், 25 செ.மீ. தடிமன், அதாவது மூன்றும் கூடி 115 செ.மீ. என்பதைப் பல நிறுவனங்கள் பின்பற்றுகின்றன. மடிக்கணினிப் பையையோ சிறு கைப்பையையோ தனியாக அனுமதிக்கும் நிறுவனங்களும் உண்டு. பயணச்சீட்டின் விதிகளை ஒவ்வொரு முறையும் படித்துவிடுவது நல்லது, ஏனெனில் ஒரே பயணத்தில் இரண்டு நிறுவனங்களின் விமானங்களில் ஏறினால் கடுமையான விதியே உங்கள் விதியாகும்.

பை விற்பவர்கள் ‘கேபினுக்கு ஏற்றது’ என்று எழுதும்போது பை காலியாக, முன்பக்கப் பாக்கெட் தட்டையாக இருக்கும் அளவைத்தான் சொல்கிறார்கள். முன் பாக்கெட்டில் மழைச்சட்டையும் பக்கவாட்டில் முக்காலியும் சேர்ந்தால் 23 செ.மீ. என்று அச்சிட்ட தடிமன் 30 செ.மீ.க்குப் போய்விடும். ஆகவே நிரப்பிய பின் அளந்து பார்ப்பதுதான் அளவு. சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் பறக்கும் ஏடிஆர் 72 போன்ற சிறு விமானங்களில் தலைக்கு மேலுள்ள பெட்டிகள் சிறியவை என்பதையும் நினைவில் வையுங்கள். பெரிய விமானத்தில் எளிதாக நுழையும் பை அங்கே நுழையாமல், ஏறும் வாசலிலேயே வாங்கிச் சரக்கறைக்கு அனுப்பப்படலாம்.

அப்படி ஒரு நிலை வரும்போதுதான் பையின் அமைப்பு உண்மையாகவே முக்கியமாகிறது. உபரி லித்தியம் பேட்டரிகளும் பவர் பேங்குகளும் சரக்கறைக்குள் போகக் கூடாது. அவை பயணியுடன் கேபினில் மட்டுமே இருக்க வேண்டும் என்பது பன்னாட்டு விமானப் பாதுகாப்பு விதி. பை கைமாறும் முன் அவற்றை வெளியே எடுத்தாக வேண்டும். கேமராவையும் லென்ஸ்களையும்கூட அங்கே அனுப்ப யாருக்கும் மனம் வராது. கேமரா வைக்கும் நுரைப்பெட்டி பையிலிருந்து தனியாகக் கழன்று வரக்கூடியதாகவும், அதற்கே ஒரு ஜிப்பும் கைப்பிடியும் உள்ளதாகவும் இருந்தால், அரை நிமிடத்தில் அதை உருவியெடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, துணிமணியோடு வெளிப்பையை அனுப்பிவிடலாம். பைக்குள்ளேயே தடுப்புகள் நிரந்தரமாகத் தைக்கப்பட்டிருந்தால், ஒவ்வொரு லென்ஸையும் கையில் ஏந்திக்கொண்டு விமானப் படிக்கட்டில் நிற்க நேரும். பெயர் சொல்ல விரும்பாத ஒரு நிறுவனத்தின் விமானத்தில் எனக்கு அது நேர்ந்தது. கழுத்தில் ஒரு கேமராவும் இரண்டு கைகளிலும் லென்ஸ்களுமாக அமர்ந்து பயணம் செய்தேன். அதன் பிறகு, கழற்ற முடியாத தடுப்புள்ள முதுகுப்பையை விமானப் பயணத்துக்கென நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

பேட்டரிகளைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். வாட்-மணி என்பது பேட்டரி தேக்கும் ஆற்றலின் அலகு; 100 வாட்-மணி வரையுள்ளவற்றை விமான நிறுவனத்தின் தனி அனுமதி இல்லாமல் கொண்டுபோகலாம்; 100 முதல் 160 வரையுள்ளவற்றுக்கு முன் அனுமதி வேண்டும், அதுவும் உபரியாக இரண்டுக்கு மேல் கூடாது. சாதாரணக் கேமரா பேட்டரி ஒன்று ஏறத்தாழ 16 வாட்-மணிதான். 20,000 மில்லி ஆம்பியர்-மணி என்று அச்சிட்ட பவர் பேங்க், 3.7 வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால், 74 வாட்-மணி. எனவே அளவு சிக்கலில்லை. அவற்றை எங்கே வைக்கிறோம் என்பதே சிக்கல். உலோக முனைகள் சாவியோடோ நாணயத்தோடோ உரசாதபடி ஒவ்வொன்றையும் மூடியிட்டு, வெளியிலிருந்து உடனே எடுக்கக்கூடிய ஒரே பாக்கெட்டில் சேர்த்து வைக்க வேண்டும். நீங்கள் பார்க்கும் பையில் அப்படியொரு பாக்கெட் இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாம் படி: பையின் வகையைத் தீர்மானியுங்கள்

முதுகுப்பை, தோள்பை, மார்புக்குக் குறுக்காக மாட்டும் சிறு பை, உருளைப்பெட்டி, கடினப்பெட்டி என்று வகைகள் பல. கடைசி இரண்டையும் விரைவாகக் கடந்துவிடலாம். சக்கரம் வைத்த பெட்டிகள் விமான நிலையத்தின் வழவழப்பான தரையில் சுகமானவை. நம் ஊர்ப் பேருந்து நிலையத்திலும் மலைக்கிராமத்துப் பாதையிலும் அவற்றைத் தூக்கித்தான் போக வேண்டும், அப்போது சக்கரமும் இழுகம்பியும் வெறும் சுமை. கடினப்பெட்டிகள் அடிக்கும் நீருக்கும் அசையாதவை, ஆனால் பெலிக்கன் 1510 போன்ற கேபின் அளவுப் பெட்டி நுரையோடு சேர்த்து ஏறத்தாழ 6 கிலோ. 7 கிலோ வரம்பில் மிஞ்சுவது ஒரு கேமராவுக்கான இடந்தான். படகிலோ வாகனத்தின் பின்புறத்திலோ கருவிகளை ஏற்றிச் செல்லும் படப்பிடிப்புக் குழுவினருக்கு அது உரியது.

தோள்பையின் சிறப்பு அதன் வேகம். 1970களின் நடுவில், பிலடெல்பியா இன்க்வயரர் நாளிதழின் ஒளிப்படக்காரரான ஜிம் டோம்கே, விறைப்பான பெட்டி போன்ற பைகள் வேலைக்கு ஒத்துவராமல், மென்மையான கித்தான் துணியில் தமக்கென ஒரு பையை வடிவமைத்தார். உடலோடு ஒட்டிக்கிடக்கும் அந்த வடிவம் செய்தி ஒளிப்படக்காரர்களிடையே பரவியது. இங்கிலாந்தில் 1973இல் தொடங்கிய பில்லிங்ஹாம் நிறுவனமோ முதலில் மீன்பிடிப்போருக்கான பைகளைத்தான் தைத்தது. நீருக்கும் கரடுமுரடான கையாளலுக்கும் தாங்கும் அந்தப் பைகளை ஒளிப்படக்காரர்கள் தாங்களாகவே தேடி வந்தார்கள். இரண்டு வரலாறும் ஒன்றையே காட்டுகின்றன: நின்ற இடத்திலேயே, பையைக் கீழே வைக்காமல், கையை உள்ளே விட்டு லென்ஸை எடுக்க வேண்டியவருக்குத் தோள்பைக்கு ஈடில்லை. தேரோட்டம் போன்ற நெரிசலில் முதுகுப்பை பின்னால் நிற்பவரின் முகத்தில் இடிக்கும். அதைத் திறக்கவும் இடம் இருக்காது. பின்னால் ஜிப்பை யார் திறக்கிறார் என்றும் தெரியாது. தோள்பையை முன்பக்கமாக இழுத்து அணைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரே தோளில் தொங்கும் சுமை என்பதால், என் கணக்கில் 3 கிலோவைத் தாண்டினால் மாலைக்குள் கழுத்து வலிக்கத் தொடங்கிவிடும். குறுக்காக மாட்டும் சிறு பைக்கும் இதே வரம்புதான். ஒரு கேமராவும் இரண்டு சிறு லென்ஸ்களும் உள்ளவருக்கு அது மிக நல்ல துணை.

பெரும்பாலான பயணிகளுக்கு நான் சொல்வது வேறொன்று. ஏற்கெனவே வைத்திருக்கும், உடலுக்குப் பொருந்திப் பழகிய 30 முதல் 40 லிட்டர் மலையேற்ற முதுகுப்பைக்குள், தனியாக விற்கும் நுரைத் தடுப்புப் பெட்டி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். செலவு குறைவு, எடையும் குறைவு. பார்ப்பதற்குக் கேமரா பை போலத் தெரியாது. படமெடுக்காத பயணத்துக்கும் அதே பை உதவும். மேலிருந்து மட்டுமே திறக்கும் பையாக இருந்தால் ஒவ்வொரு முறையும் மேலே உள்ளதை வெளியே எடுக்க வேண்டும் என்பதே இதில் உள்ள குறை. நாளொன்றுக்கு ஐந்தாறு முறை கேமராவை எடுக்கிறவருக்கு அது பொருட்டல்ல. ஐம்பது முறை எடுக்கிறவர்தான் தனிக் கேமரா பைக்குச் செலவிட வேண்டும்.

நான்காம் படி: உள்ளளவைத் தரையில் வரைந்து பாருங்கள்

பையின் வெளியளவு விமானத்துக்கு. உள்ளளவு உங்கள் கருவிக்கு. இரண்டுக்கும் இடையே நுரையும் துணியும் நான்கைந்து செ.மீ. தின்றுவிடும். இணையத்தில் வாங்குகிறவர்கள் விவரப்பட்டியலில் உள்ள உள்ளளவைக் குறித்துக்கொண்டு, அட்டைப்பெட்டி ஒன்றை அந்த அளவுக்கு வெட்டி, தங்கள் கருவிகளை அதில் அடுக்கிப் பார்ப்பது நல்லது. பத்து நிமிட வேலை. திருப்பி அனுப்பும் அலைச்சலை மிச்சப்படுத்தும்.

அடுக்கும்போது, நீங்கள் அதிகம் பயன்படுத்தும் லென்ஸைக் கேமராவிலேயே பொருத்தி வையுங்கள். தனித்தனியாக அடுக்கினால் அழகாக அடங்கும் பையில், பொருத்திய நிலையில் இடம் போதாமல் போவது வழக்கம். பறவைப் படமெடுப்போருக்கு இதுவே முதன்மையான கேள்வி. நிக்கான் 180-600 மி.மீ. லென்ஸின் நீளம் 315.5 மி.மீ.; அதை நிக்கான் இசட் 8 கேமராவில் பொருத்தினால் ஏறத்தாழ 40 செ.மீ. வந்துவிடும், இரண்டின் மொத்த எடையும் முக்காலி வளையம் இல்லாமலே 2865 கிராம். உள்நீளம் 42 செ.மீ.க்குக் குறைந்த பை இவர்களுக்கு உதவாது. நீர்க்காகம் கண்முன் இறங்கிய பிறகு லென்ஸைப் பொருத்த நேரம் கிடைக்காது.

ஆழத்தையும் பாருங்கள். கீழ்ப்பிடி சேர்ந்தே வரும் நிக்கான் இசட் 9 போன்ற பெரிய கேமராக்கள் 15 செ.மீ. உயரம் கொண்டவை; நகரத்தில் அணியும் மெலிந்த பைகள் பலவற்றின் உள்ளாழம் அதற்குக் குறைவு. அழுத்தி மூடலாம் என்று எண்ண வேண்டாம். அழுத்தி மூடினால் ஒவ்வொரு முறையும் பின்திரையிலும் திருகு வளையங்களிலும் அந்த அழுத்தம் விழுகிறது, ஜிப்பும் விரைவில் விடுகிறது.

தடுப்புகள் தொட்டால் வளையாத அளவுக்கு உறுதியாகவும், நகத்தால் அழுத்தினால் மீண்டு எழும்பும்படியும் இருக்க வேண்டும். அழுத்திய பள்ளம் அப்படியே நின்றால் அந்த நுரை ஓராண்டில் தட்டையாகிவிடும்.

ஐந்தாம் படி: முதுகைக் கேளுங்கள்

தலையை முன்னே குனியும்போது கழுத்தின் அடியில் புடைத்துத் தெரியும் எலும்பிலிருந்து, இடுப்பெலும்பின் மேல்விளிம்பு வரையுள்ள தொலைவே உங்கள் முதுகின் நீளம். மொத்த உயரம் ஒன்றாக இருக்கும் இருவரின் முதுகு நீளம் வேறாக இருக்கலாம். முதுகுப்பையின் இடுப்புப்பட்டை வயிற்றின் மீது அமரக் கூடாது. இடுப்பெலும்பை அணைத்து அமர வேண்டும். அப்படி அமர்ந்தால்தான் சுமையின் பெரும்பகுதி தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கும். கேமரா பைகளில் பல ஒரே அளவில் வருவதால், குள்ளமானவர்களுக்குப் பட்டை தொடைக்கும், உயரமானவர்களுக்கு விலா எலும்புக்கும் போய்விடுகிறது. 5 கிலோவுக்கு மேல் சுமந்து நடக்கப் போகிறவர்கள் தோள்பட்டியின் உயரத்தை மாற்றக்கூடிய பையையோ, இரண்டு மூன்று அளவுகளில் கிடைக்கும் பையையோ மட்டுமே பார்க்க வேண்டும். பெண்களுக்கெனத் தோள்பட்டியின் வளைவை மாற்றித் தைக்கும் நிறுவனங்களும் உள்ளன. மார்பை அழுத்தும் நேர்ப்பட்டியைப் பழகிவிடும் என்று பொறுத்துக்கொள்ளத் தேவையில்லை.

கனமான லென்ஸ் முதுகுக்கு நெருக்கமாக இருந்தால் உடல் நேராக நிற்கும். வெளிப்பக்கம் போனால் பை பின்னோக்கி இழுக்கும், நடப்பவர் முன்னே கூனுவார். முன்பக்க மடலில் மடிக்கணினியை வைக்கும் பைகளில் இந்தக் குறை உண்டு.

எப்படிச் சோதிப்பது? ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஒரு லிட்டர் பாட்டில்கள் ஐந்தாறைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்து, தெருவில் ஒரு மணி நேரம் நடந்து, இரண்டு மாடி ஏறி இறங்குங்கள். கடைக் கண்ணாடி முன் ஐந்து நிமிடம் மாட்டிப் பார்ப்பதில் தெரியாத உறுத்தல்கள் எல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

ஆறாம் படி: துணி, ஜிப், மழை

துணியை நெய்த நூலின் தடிமனை டெனியர் என்ற அலகில் சொல்கிறார்கள். 9000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அத்தனை டெனியர். 400 முதல் 600 டெனியர் நைலான் பயணப் பைக்குப் போதுமானது. 1000 டெனியர் உரசலை மிக நன்றாகத் தாங்கும், ஆனால் எடை கூடும். அடிப்பாகத்தில் மட்டும் தடித்த துணி வைத்துத் தைத்த பையே அறிவான அமைப்பு, ஏனெனில் கல்லிலும் மணலிலும் வைக்கப்படுவது அதுதான்.

துணியின் உட்புறத்தில் பூசியிருக்கும் பாலியூரித்தேன்தான் நீரைத் தடுக்கிறது. ஈரமும் வெப்பமும் சேர்ந்த நம் கடலோரக் காற்றில் அந்தப் பூச்சு சில ஆண்டுகளில் சிதைந்து, கையில் ஒட்டும் பிசுபிசுப்பாகி, உரிந்து விழத் தொடங்கும். பழைய பையை மலிவாக வாங்குகிறவர்கள் உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். பிசுபிசுப்பு தெரிந்தால் விட்டுவிடுங்கள். அந்தத் துகள்கள் லென்ஸில் ஒட்டினால் துடைப்பது கடினம்.

ஆனால் மழைநீர் பெரும்பாலும் துணி வழியாக வருவதில்லை. தையல் துளைகளும் ஜிப்பும்தான் அதன் வழி. பூச்சிட்ட ஜிப்கள் சாரலைத் தாங்கும். மணிக்கணக்கில் கொட்டும் மழையைத் தாங்கா. மழையுறை போட்டாலும் முதுகைத் தொடும் பக்கம் திறந்தேதான் இருக்கிறது. சட்டைக் காலர் வழியாக இறங்கும் நீர் முதுகுப் பஞ்சில் ஊறி, மெல்ல உள்ளே போகும். முதுகுப் பக்கமாகத் திறக்கும் பைகளில் அங்கே ஜிப்பும் இருப்பதால் இன்னும் எளிது. தமிழ்நாட்டின் மிக அதிக மழை பெறும் இடங்களுள் ஒன்றான சின்னக்கல்லாறு, வால்பாறைக்கு அருகில்தான் இருக்கிறது; அங்கே தென்மேற்குப் பருவத்தில் நடக்கிறவர் மழையுறையை மட்டும் நம்பக் கூடாது. படகோட்டிகள் பயன்படுத்தும், வாயைச் சுருட்டி மூடும் நீர்புகாப் பை ஒன்றைக் கேமரா பைக்குள் மடித்து வைத்திருங்கள். மழை வலுத்தால் நுரைப்பெட்டியை அப்படியே அதற்குள் இறக்கிச் சுருட்டிவிடலாம். கழன்று வரும் நுரைப்பெட்டியின் இரண்டாவது நன்மை இது.

ஜிப்பைப் பொறுத்தவரை, அதன் இழுவையின், அதாவது பற்களின் மீது நகரும் துண்டின், பின்பக்கத்தில் பொறித்திருக்கும் 5, 8, 10 போன்ற எண் பற்களின் அகலத்தை ஏறத்தாழ மில்லிமீட்டரில் சொல்கிறது. முதன்மை ஜிப் 8 அல்லது 10 ஆக இருந்தால் நன்று. தனுஷ்கோடி போன்ற கடற்கரைகளுக்கு உலோகப் பற்கள் வேண்டாம், உப்பு அரித்துவிடும்; நைலான் சுருள் ஜிப்பே ஏற்றது. இழுவை மட்டும் பழுதானால் நம் ஊர்களில் பை தைப்பவரோ செருப்புத் தைப்பவரோ சில நிமிடத்தில் புதிதாகப் போட்டுத் தருவார். நைலான் பற்கள் பிய்ந்தால் முழு ஜிப்பையும் மாற்ற வேண்டும். வெல்க்ரோ மூடிகள் மணலைப் பிடித்துக்கொள்ளும், காட்டுக்குள் பிரிக்கும்போது எழும் ஓசையில் மான் தலையைத் தூக்கிவிடும். முதுமலைக்கோ சத்தியமங்கலத்துக்கோ போகிறவர்கள் கொக்கியோ காந்தமோ உள்ள மூடியைத் தேடுங்கள்.

ஏழாம் படி: எங்கே திறக்கிறது?

முன்பக்கம் முழுதும் திறக்கும் பையைக் கீழே வைத்தால், சேறு படியும் பக்கமே பிறகு உங்கள் சட்டையைத் தொடும். முதுகுப் பக்கம் திறக்கும் பையில் அந்தத் தொல்லை இல்லை. மாட்டியிருக்கும்போது வேறு எவரும் திறக்கவும் முடியாது. நெரிசலான சந்தைகளுக்கும் ரயில் நிலையங்களுக்கும் இதையே நான் விரும்புகிறேன். மழை நடைக்கு இதன் குறையை மேலே சொல்லிவிட்டேன். பக்கவாட்டில் சிறிய திறப்பும் கூடவே இருந்தால், ஒரு தோள்பட்டியைக் கழற்றிப் பையை முன்னே சுழற்றிக் கேமராவை உருவலாம். ஆனால் அந்தத் திறப்பை மூட மறந்து மீண்டும் மாட்டிக்கொண்டால் கேமரா தரையில் விழும். மேல் கொக்கி ஒன்று அதைத் தடுக்கும்படி உள்ள பைகளே பாதுகாப்பானவை.

இந்திய விமான நிலையங்களின் பாதுகாப்புச் சோதனையில் கேமராவையும் லென்ஸ்களையும் வெளியே எடுத்துத் தட்டில் வைக்கச் சொல்வது வழக்கம். ஒரே ஜிப்பில் முழுதாக விரியும் பையில் இது எளிது. மூன்று அடுக்குகளில் பிரித்து வைத்திருந்தால் ஏதாவது ஒன்றைத் தட்டிலேயே விட்டுவிடும் வாய்ப்பு உண்டு. முக்காலித் தலையை இறுக்கும் சாவிகள், கத்தியுள்ள கருவிகள் போன்றவற்றைச் சரக்கறைப் பெட்டியில் வைத்துவிடுங்கள்.

இரவு ரயிலில் பை தலைமாட்டில் இருக்க வேண்டும். ஆகவே தலையணைக்குப் பக்கத்தில் அடங்கும் அளவா என்பதும் ஓர் அளவுகோல்தான். முதன்மை ஜிப்பின் இரண்டு இழுவைகளிலும் சிறு பூட்டுப் போடத் துளை இருக்கட்டும். தைத்த மேல்பிடி, சங்கிலி கோக்கத் தாங்குமா என்று இழுத்துப் பாருங்கள். நிறுவனத்தின் பெயர் பெரிதாகப் பொறித்த பை, உள்ளே இருப்பதை ஊருக்குச் சொல்லும் என்பதையும் மறக்க வேண்டாம்.

எட்டாம் படி: புறப்படும் முன் வீட்டில் ஒரு சோதனை

பை வந்ததும், திருப்பித் தரும் காலம் முடிவதற்குள், மூன்று சோதனைகளைச் செய்யுங்கள். முழுதாக நிரப்பி, கையால் பிடித்துத் தூக்கும் தராசில் மாட்டி எடை பாருங்கள். பிறகு பையை மாட்டிக்கொண்டு, கேமராவை எடுத்து லென்ஸை மாற்றிப் பையை மூடும் வரை எத்தனை நொடி ஆகிறது என்று இன்னொருவரைக் கணக்கிடச் சொல்லுங்கள். ஒவ்வொன்றின் இடமும் மனத்தில் பதியும்வரை இருட்டிலும் செய்து பாருங்கள். கடைசியாக, கருவிகளை எடுத்துவிட்டு, எல்லா அறைகளிலும் செய்தித்தாளை மடித்து வைத்து, மழையுறை போட்டுக் குளியலறை ஷவரின் கீழ் பத்து நிமிடம் நிறுத்துங்கள். எந்தத் தாள் நனைந்திருக்கிறதோ அங்கேதான் நீர் நுழைகிறது. அந்த இடத்தில் கேமராவை வைக்காதீர்கள். முதுகுப் பக்கம் நனைந்தால் நீர்புகாப் பை கட்டாயம்.

பயணத்தின்போதும் பிறகும்

குளிர்சாதன அறையிலிருந்து ராமேசுவரத்தின் காலைப் புழுக்கத்துக்குள் கேமராவை நேரடியாக எடுத்தால் லென்ஸ் முழுதும் பனிக்கும். பையை மூடியபடியே வெளியே வைத்து, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால் நுரையின் காப்பால் கருவி மெல்லச் சூடேறி, பனிப்பு ஏற்படாது. லடாக்கின் குளிரிலிருந்து சூடான அறைக்குள் வரும்போதும் இதே முறைதான்.

கடற்கரையிலிருந்து திரும்பியதும் ஜிப்களை நன்னீரில் நனைத்த துணியால் துடைத்து, தடுப்புகளை எல்லாம் கழற்றி, உள்ளே உள்ள மணலைத் தூரிகையால் தட்டி, நிழலில் காய வையுங்கள். வெயிலில் போட்டால் பூச்சு கெடும். நுரை, காற்றின் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தால் லென்ஸின் உள்ளே பூஞ்சை வளரத் தொடங்கலாம். ஆகவே பயணம் முடிந்த பின் கருவிகளைப் பைக்குள்ளேயே விட்டுவைக்காமல், 40 முதல் 50 விழுக்காட்டில் நிறுத்திய உலர்பெட்டிக்கோ, ஈரத்தை உறிஞ்சும், இன்னும் நிறம் மாறிவிடாத சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பாவுக்கோ மாற்றிவிட்டு, காலிப் பையை ஜிப் திறந்த நிலையில் காற்றோட்டமான அலமாரியில் வையுங்கள்.